ஜூபிடர் என்பது பெயர் மாற்றிய ஜீயஸ்தானா?

கரிசல்காட்டான்:
வணக்கம் நண்பர்களே. பள்ளி வினாடி வினாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பு இந்த வருடம் என் தலையில். ரோமப் புராணம் என்று தேடினால் எங்கே போனாலும் ஒரே அட்டவணைதான். ஜீயஸ் என்றால் ஜூபிடர், ஹீரா என்றால் ஜூனோ, ஏரிஸ் என்றால் மார்ஸ், அப்ரோடைட்டி என்றால் வீனஸ். ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்தால் வேலை முடிந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான், "அப்போ ரோமர்கள் சொந்தமா எதையுமே யோசிக்கலையா சார்?" விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
யோசிக்கவில்லை என்றே சொல்லிவிடுங்கள் சார். லத்தீன் இலக்கியமே கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் லிவியஸ் ஆண்ட்ரோனிக்கஸ் என்ற கிரேக்கர் ஒடிசியை லத்தீனுக்குக் கொண்டுவந்ததில் இருந்துதான் தொடங்குகிறது. கி.மு. 217-இல் டிராசிமீன் ஏரிக்கரையில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் செம அடி வாங்கிய பிறகு, பயந்துபோய் பன்னிரண்டு தெய்வங்களுக்கு ஒரு விருந்து வைத்தார்கள். ஆறு மஞ்சங்கள், மஞ்சத்துக்கு இரண்டு தெய்வம். மார்ஸுக்குப் பக்கத்தில் வீனஸ், நெப்டியூனுக்குப் பக்கத்தில் மினர்வா. கிரேக்கக் கதை தெரிந்தவன் மட்டுமே இப்படி ஜோடி சேர்க்க முடியும். நாட்டைப் பிடித்தார்கள், கூடவே கதைகளையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான்.

செங்காந்தள்:
அதே விருந்தில் இன்னொரு ஜோடியை விட்டுவிட்டீர்களே. வல்கனுக்குப் பக்கத்தில் வெஸ்டா. கிரேக்கக் கதைகளில் இவர்களுக்கு நிகரான ஹெஃபைஸ்டஸுக்கும் ஹெஸ்டியாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருவர் உலைக்களத்து நெருப்பு, ஒருவர் அடுப்பு நெருப்பு. நெருப்பும் நெருப்பும் பக்கத்தில் உட்காரட்டும் என்று வைத்துவிட்டார்கள். ரோமர்கள் எப்படி யோசித்தார்கள் என்பது அந்த மஞ்சத்தில்தான் தெரிகிறது.

ரோமர்களின் பழைய தெய்வங்களுக்குக் குடும்பக் கதை மிகக் குறைவு, வேலை அதிகம். யாருக்குப் பிறந்தார், யாரைத் தூக்கிக்கொண்டு போனார் என்று அவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. எதற்குப் பொறுப்பு, எந்த நாளில் கும்பிட வேண்டும், எதைப் படைக்க வேண்டும், எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும்.

ஜானஸை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கும் தொடக்கத்துக்குமான இரட்டை முகத் தெய்வம். கிரேக்கத்தில் இதற்கு நிகரே இல்லை. ரோமில் இவருடைய கதவு போர்க்காலத்தில் திறந்திருக்கும், எங்கும் சமாதானம் என்றால்தான் சாத்துவார்கள். நகரம் தோன்றியதில் இருந்து தனக்கு முன் இரண்டே முறை சாத்தப்பட்ட கதவு, தன் காலத்தில் மட்டும் மூன்று முறை சாத்தப்பட்டது என்று பேரரசர் அகஸ்டஸ் தன் சாதனைக் கல்வெட்டில் பெருமையாகப் போட்டுக்கொண்டார்.

டெர்மினஸ் எல்லைக்கல்லின் தெய்வம். காப்பிடோல் குன்றில் ஜூபிடருக்குப் பெரிய கோயில் கட்ட இடம் வேண்டும் என்றபோது அங்கிருந்த மற்ற தெய்வங்கள் சம்மதித்து நகர்ந்தன, டெர்மினஸ் மட்டும் அசையவில்லை என்பார்கள். எல்லைக்கல் நகர்ந்தால் அப்புறம் என்ன எல்லைக்கல்? ஜூபிடர் கோயிலுக்குள்ளேயே அந்தக் கல்லை விட்டுவிட்டு, அது வானத்தின் கீழ்தான் இருக்க வேண்டும் என்பதற்காகக் கூரையில் ஓட்டை போட்டார்கள். பிப்ரவரி 23 அவருடைய நாள். வயல்காட்டில் அக்கம்பக்கத்துக்காரர்கள் இருவர் கல்லின் இரு பக்கமும் வந்து ஆளுக்கொரு மாலை போட்டுவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ரோபிகோ. கோதுமையில் வரும் துருநோய்க்கு ஒரு தெய்வம்! ஏப்ரல் 25 அதற்கான நாள். அன்று ஊருக்கு வெளியே போயிருந்து திரும்பும் வழியில் வெள்ளை உடுத்திய கூட்டம் ஒன்று எதிரே வந்ததாக ரோமக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார். பூசாரி கையில் நாயின் குடலும் ஆட்டின் குடலும், தோப்பில் கொண்டுபோய் நெருப்பில் இட. சாம்பிராணி, மதுவும் உண்டு. அங்கே சொல்லும் வேண்டுதல்தான் அழகு. முளைத்த பயிரை விட்டுவிடு, சொரசொரப்பான உன் கையை வைக்காதே, அரித்தே தீர வேண்டும் என்றால் வாளையும் ஈட்டியையும் அரித்துக்கொள் என்கிறார் பூசாரி. ஓவிட் நேரில் பார்த்தாரோ இல்லையோ, இப்படி ஒரு வேண்டுதல் எந்தக் கிரேக்க அட்டவணையிலும் கிடைக்காது.

சிட்டுக்குருவி:
துருநோய்க்குத் தெய்வம் என்றால் கீல்களுக்கும் இருந்திருக்குமோ 😄

செங்காந்தள்:
இருந்தது! கார்டியா. கதவுக்கு ஃபோர்குலஸ், வாசற்படிக்கு லிமென்டினஸ். ஒரு வாசலுக்கு ஒரு காவல்காரன் போதும், இவர்களுக்கு மூன்று தெய்வம் வேண்டியிருக்கிறது என்று புனித அகஸ்டீன் 5-ஆம் நூற்றாண்டில் கிண்டல் செய்திருக்கிறார். கிண்டல் செய்தவர் எழுதி வைத்ததால்தான் நமக்குப் பாதிப் பெயர்கள் தெரியும்.

வழிப்போக்கன்:
அக்கா, நீங்கள் சொல்வதெல்லாம் சடங்கு. நாம் பேச வந்தது புராணம். வேலை செய்யும் தெய்வம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கதை எங்கே? கதை வேண்டும் என்று வந்ததும் கிரேக்கத்திடம் கை நீட்டினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். உங்கள் ஜானஸுக்கு ஒரு நல்ல கதை சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய வாத்தியார்:
தம்பி, கதையைத் தேடும் இடம் தப்பு. வானத்தில் தேடாமல் ரோமின் தெருவில் தேடிப் பாருங்கள். கிரேக்கர்கள் தெய்வங்களைப் பற்றிச் சொன்னதை ரோமர்கள் தங்கள் முன்னோர்களைப் பற்றிச் சொன்னார்கள். அவர்களின் புராணம் வரலாறு என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

கி.மு. 396-இல் வேயி என்ற எட்ரஸ்கன் நகரத்தை ரோமர்கள் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பிடிக்கும் முன்பே தளபதி கமில்லஸ் அந்த ஊர்க் காவல் தெய்வமான ஜூனோவிடம் முறைப்படி வேண்டிக்கொண்டார். எங்களோடு வந்துவிடு, உன் பெருமைக்கேற்ற கோயில் கட்டித் தருகிறோம் என்று. எதிரியின் தெய்வத்தை அழைத்துக்கொள்ள ரோமில் இதற்கென்றே சடங்கு உண்டு. நகரம் விழுந்த பின் சிலையை எடுக்க இளைஞர்கள் போனார்கள். குளித்து, வெள்ளை உடுத்தி, தொடவே தயங்கிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவன், பக்தியோ விளையாட்டோ, "ரோமுக்கு வர விருப்பமா ஜூனோ?" என்று கேட்டானாம். சிலை தலையசைத்தது என்று மற்றவர்கள் கூவினார்கள். வாயைத் திறந்தே பதில் சொன்னதாகவும் கதையில் பிற்பாடு சேர்ந்துகொண்டது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். தூக்கினால் கனமே இல்லையாம், தானே கூட நடந்து வருவது போல இருந்ததாம். அவென்டைன் குன்றில் சொன்னபடி கோயில் கட்டினார்கள்.

இன்னொன்று. கால் (Gaul) என்ற வடக்கத்தி இனத்தார் ரோமைக் கொளுத்துவதற்குச் சற்று முன்பு, ராத்திரியில் தெருவில் நடந்துபோன சாதாரண ஆள் ஒருவனுக்கு ஒரு குரல் கேட்டது. கால் இனத்தார் படை வருகிறது, அதிகாரிகளிடம் சொல் என்று. போய்ச் சொன்னான். சொன்னவன் எளியவன் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் எரிந்தது. எல்லாம் முடிந்ததும் அந்தக் குரலுக்கே ஒரு கோயில் கட்டினார்கள். ஆயஸ் லொகூடியஸ், அதாவது பேசிச் சொன்னவர். அவருக்கு உருவமும் இல்லை, பெற்றோரும் இல்லை. பேசியது ஒரே ஒரு தடவை. யாருக்கும் தெரியாதபோது பேசினார், கோயிலும் பெயரும் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டார் என்று சிசரோ நக்கலடிக்கிறார்.

ஜானஸுக்குக் கதை கேட்டீர்களே, இதைப் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோமர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு கதை தோன்றியிருக்காது.

கரிசல்காட்டான்:
ஐயா, குரலுக்குக் கோயில்! இதை நாளைக்கே பையன்களிடம் சொல்லப் போகிறேன். ரோமுலஸ், ரீமஸ், ஓநாய்ப் பால் எல்லாம் இதே கணக்கில் வருமா?

பழைய வாத்தியார்:
அதே கணக்குதான். கி.மு. 296-இல் ஓநாயின் மடியில் இரட்டையர் இருக்கும் சிலையை ரோமில் நிறுவினார்கள், சில பத்தாண்டுகளில் வெள்ளிக்காசிலும் போட்டாயிற்று. பிறப்புக் கதையை எல்லாரும் சொல்வார்கள், ரோமுலஸின் முடிவைத்தான் யாரும் சொல்வதில்லை. படையைப் பார்வையிடும்போது புயல் அடித்தது, மேகம் மூடியது, விலகியபோது ராஜாவைக் காணோம். வானத்துக்குப் போய் குவிரினஸ் என்ற தெய்வமாகிவிட்டார் என்பது ஊரறிந்த கதை. செனட்டர்களே துண்டுதுண்டாகக் கிழித்துவிட்டார்கள் என்றும் ஒரு முணுமுணுப்பு இருந்ததாக லிவி சொல்கிறார். புராணத்துக்குள்ளேயே கொலை வழக்கும் நடக்கிறது.

ஜார்ஜ் டுமெசில் என்ற பிரெஞ்சு அறிஞர் இன்னும் ஒரு படி போனார். பாலத்தைக் காத்த ஒற்றைக்கண் ஹொரேஷியஸும் வலக்கையை நெருப்பில் வைத்த மூசியஸும், வட ஐரோப்பாவின் ஒற்றைக்கண் தெய்வம் ஓடினும் கை இழந்த தெய்வம் டைரும் ஒரே மூலத்தில் இருந்து வந்தவர்கள் என்றார். வடக்கே தெய்வங்களாக நின்றவர்கள் ரோமில் போர்வீரர்களாக இறங்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம்.

வழிப்போக்கன்:
டுமெசிலை அப்படியே விழுங்க முடியாது வாத்தியாரே. ஒரு கண் போனவனும் ஒரு கை போனவனும் எந்த ஊர்ப் போர்க்கதையில்தான் இல்லை? இப்படித் தேடினால் எதையும் எதோடும் ஒட்டலாம் என்று அவரை மறுத்த அறிஞர்களும் நிறையப் பேர். அதை விடுங்கள், ரோமின் தேசியக் காப்பியம் எது? ஈனியஸ் கதை. ஈனியஸ் யார்? ஹோமர் பாடிய ட்ரோய்க்காரன். மூதாதையையே இரவல் வாங்கியவர்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

செங்காந்தள்:
இரவல் வாங்கினார்கள், சரி. வாங்கி என்ன செய்தார்கள்? ஹோமரிடம் ஈனியஸ் ஒரு துணைப் பாத்திரம். ரோமக் கவிஞர் வெர்ஜில் கையில் அவன் வேறு ஆள். ட்ரோய் எரியும்போது முடமான அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுத் தெய்வங்களை அப்பா கையில் கொடுத்து வெளியேறுகிறான். தன் கையில் போர் ரத்தம் இருக்கிறது, ஓடும் நீரில் கழுவாமல் தெய்வங்களைத் தொடக் கூடாது என்கிறான். ஊர் பற்றி எரிகிற நேரத்தில் சடங்குச் சுத்தம் பார்க்கிற ஒரு வீரனை ஹோமரிடம் தேடிப் பாருங்கள்.

இதற்குப் பின்னால் அரசியலும் இருக்கிறது. ஜூலியஸ் சீசரின் குடும்பம் தங்களை ஈனியஸ் வழியாக வீனஸின் வம்சம் என்று சொல்லிக்கொண்டது. அப்பாவைச் சுமக்கும் ஈனியஸை சீசர் தன் வெள்ளிக்காசில் அச்சடித்தார். அகஸ்டஸ் காலத்தில் வெர்ஜில் அதைக் காப்பியமாக்கினார், கி.மு. 19-இல் சாகும்போது கடைசித் திருத்தம் பாக்கி. ட்ரோய் விழுந்ததற்கும் ரோம் பிறந்ததாகச் சொல்லும் கி.மு. 753-க்கும் நடுவே நானூறு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப ஆல்பா லோங்காவின் ராஜாக்கள் என்று ஒரு வரிசையையே உருவாக்கிக்கொண்டார்கள். தணிக்கைக்குக் கொடுக்க வேண்டிய கணக்குப் புத்தகம் போல இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும் அவர்களுக்கு.

நேப்பிள்ஸ்வாசி:
இந்தப் பக்கம் வேலை பார்ப்பதால் ஒன்று சொல்லலாம். பெரிய கோயில்களை விட, எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோம நகரமான பாம்பேயில் (Pompeii) சமையல்கட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். வெட்டி வீடு (House of the Vettii) என்ற பணக்கார வீடு பல வருடச் சீரமைப்புக்குப் பிறகு 2023-இல் மறுபடி திறந்தது. வரவேற்பு அறைகள் முழுக்கக் கிரேக்கக் கதை ஓவியம், விருந்தாளிகளை மிரட்ட. வீட்டுச் சாமி இருப்பது வேலைக்காரர்கள் புழங்கும் சின்ன முற்றத்தில், அடுக்களைக்குப் பக்கத்தில். சுவரில் குட்டிக் கோயில் முகப்பு. நடுவில் வீட்டுத் தலைவனின் கீனியஸ், அதாவது அவனுடைய காவல் ஆவி. தலையில் முக்காடு, ஒரு கையில் படையல் தட்டு, இன்னொன்றில் சாம்பிராணிப் பெட்டி. இரண்டு பக்கமும் லேர்கள் என்ற வீட்டுக் காவல் தெய்வங்கள், கொம்புக் கிண்ணத்தை உயர்த்திக்கொண்டு குதித்து ஆடும் இளைஞர்கள். கீழே தாடியும் கொண்டையும் வைத்த நீளப் பாம்பு ஒன்று படையலை நோக்கி ஊர்கிறது.

அந்த முக்காட்டைக் கவனியுங்கள். ரோம முறையில் பலி கொடுப்பவன் தலையை மூடிக்கொள்ள வேண்டும். கிரேக்க முறை என்றால் தலை திறந்திருக்கும். சாட்டர்னுக்கு, ஹெர்குலிஸின் பழைய பலிபீடத்தில் எல்லாம் கிரேக்க முறை. எது தங்களுடையது, எது வந்து சேர்ந்தது என்பதை அவர்களே பிரித்து வைத்திருந்தார்கள். நாம்தான் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்புகிறோம்.

சிட்டுக்குருவி:
வந்து சேர்ந்ததையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டார்களா? சண்டையே இல்லையா?

பழைய வாத்தியார்:
ஏற்றுக்கொண்டார்கள், அரசாங்க முத்திரையோடு. கொள்ளைநோய் வந்தபோது சிபிலின் ஏடுகள் என்ற குறி நூல்களைப் பார்த்து எபிடாரஸ் என்ற கிரேக்க ஊரில் இருந்து மருத்துவத் தெய்வம் ஈஸ்குலாபியஸைப் பாம்பு வடிவில் கப்பலில் கொண்டுவந்தார்கள், கி.மு. 291-இல் டைபர் தீவில் கோயில். அந்தத் தீவில் இன்றைக்கும் ஆஸ்பத்திரி நடக்கிறது. கி.மு. 204-இல் ஹன்னிபால் இன்னும் இத்தாலியில் இருக்கும்போது ஆசியா மைனரில் இருந்து சிபெலே அம்மனைக் கறுப்புக் கல்லாக அழைத்து வந்தார்கள். வந்த பிறகுதான் அவளுடைய பூசாரிகள் தங்களைத் தாங்களே காயடித்துக்கொள்பவர்கள் என்பது அவர்களுக்கு உறைத்தது. பாலட்டைன் குன்றில் கோயில் கட்டிக் கொடுத்தார்கள், ரோமக் குடிமகன் எவனும் அந்தப் பூசாரியாகக் கூடாது என்று தடையும் போட்டார்கள்.

முத்திரை இல்லாமல் பரவியது மதுத் தெய்வம் பாக்கஸின் வழிபாடு. கி.மு. 186-இல் செனட் நசுக்கியது. அந்தத் தீர்மானத்தின் வெண்கலத் தகடு 1640-இல் தெற்கு இத்தாலியில் கிடைத்து இப்போது வியன்னாவில் இருக்கிறது. தெய்வத்தைத் தடை செய்யவில்லை பாருங்கள். அனுமதி வாங்கிக் கும்பிடலாம், ஆனால் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, ஆண் இரண்டு, பெண் மூன்று!

கரிசல்காட்டான்:
144 தடை உத்தரவுக்கு அப்போதே முன்னோடி இருந்திருக்கிறது. சரி, மிச்சம் என்ன இருக்கிறது இன்றைக்கு? மாதப் பெயர், கோள்களின் பெயர் தவிர. கிறிஸ்துமஸே சாட்டர்னேலியாதான் என்று வேறு வாட்ஸ்அப்பில் வருகிறது.

செங்காந்தள்:
வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். சாட்டர்னேலியா டிசம்பர் 17-இல் தொடங்கும், சில நாள் நடக்கும். பரிசு கொடுப்பது, அடிமைகளுக்கு எஜமானரோடு விருந்து எல்லாம் உண்டு. பண்டிகை மனநிலை ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிசம்பர் 25-ஐ அதிலிருந்து எடுத்தார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாளும் கிறிஸ்துவின் பிறந்தநாளும் அந்தத் தேதியில் கி.பி. 354-இல் தொகுத்த ஒரே ஏட்டில்தான் முதலில் தென்படுகின்றன. எது எதைப் பார்த்து வந்தது என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

உறுதியான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன ஏப்ரல் 25 துருநோய் ஊர்வலம் ஞாபகமிருக்கிறதா? ரோமத் திருச்சபை அதே தேதியில், கிட்டத்தட்ட அதே வழியில், விளைச்சலுக்காக மன்றாடிக்கொண்டு ஊர்வலம் போனது. பல நூற்றாண்டு நடந்தது. நாய்ப்பலி மட்டும் போய்விட்டது. எல்லாத் தெய்வத்துக்குமான பாந்தியன் கி.பி. 609-இல் மாதா கோயிலானது, அதனால்தான் இடிபடாமல் நிற்கிறது.

நாணயப்பித்தன்:
கோவைப் பக்கம் கிடைக்கும் டைபீரியஸ் வெள்ளிக்காசுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் உட்கார்ந்த பெண், சுற்றிலும் 'பொன்டிஃபெக்ஸ் மேக்சிமஸ்', தலைமைப் பூசாரி என்ற பட்டத்தின் சுருக்கம். பிற்காலத்தில் போப்பாண்டவர்களுக்கு வந்து சேர்ந்த அதே பட்டம். மிளகுக்கு விலையாக நம் ஊர் மண்ணுக்கு வந்திருக்கிறது. போய்ட்டிங்கர் வரைபடம் என்ற பழைய ரோமச் சாலை வரைபடத்தில் முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்று ஒன்று குறித்திருக்கிறது, கோயில் நிஜமாக நின்றதா என்பது வேறு வழக்கு.

கிழமைகளையும் யாரும் சொல்லவில்லையே. ஞாயிறு சூரியன், திங்கள் சந்திரன், செவ்வாய் மார்ஸ், புதன் மெர்குரி, வியாழன் ஜூபிடர், வெள்ளி வீனஸ், சனி சாட்டர்ன். பாம்பே சுவர்க் கிறுக்கலில் இதே ஏழும் இதே வரிசையில் இருக்கின்றன, சனியில் தொடங்கி.

வழிப்போக்கன்:
அதுவும் ரோமர்களின் சொந்தச் சரக்கு இல்லை, பாபிலோனிய வானியலும் எகிப்தில் இருந்த கிரேக்க ஜோதிடமும் சேர்ந்து செய்தது. ரோமர்கள் தெய்வப் பெயரை ஒட்டினார்கள். 😉

சிட்டுக்குருவி:
அது இருக்கட்டும். ஏன் இந்த வரிசை? தூரப்படியும் இல்லை, வெளிச்சப்படியும் இல்லையே.

நாணயப்பித்தன்:
தூரப்படிதான், ஆனால் மணிக்கணக்கில். அந்தக் காலக் கணக்கில் பூமிக்கு ரொம்பத் தூரத்தில் சனி, அப்புறம் வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். நாளின் ஒவ்வொரு மணிக்கும் இந்த வரிசையில் ஒரு கோள் அதிபதி. முதல் மணியின் அதிபதி எதுவோ அதுதான் கிழமையின் பெயர். வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே இதை விளக்கியிருக்கிறார். சனிக்கிழமை முதல் மணி சனி என்று ஆரம்பியுங்கள். ஏழு ஏழாக மூன்று சுற்று முடிந்தால் 21. 22 மறுபடி சனி, 23 வியாழன், 24 செவ்வாய். அடுத்த நாள் முதல் மணி சூரியனுக்கு, ஆகவே ஞாயிறு. அதிலிருந்து எண்ணினால் அடுத்தது திங்கள். வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் ஓரைப் பக்கத்தைத் திறங்கள். ஞாயிறு காலை சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று அச்சடித்திருப்பது இதே சங்கிலிதான்.